மணமகள் நடந்துவரும் பாட்டு யாருடையது?

ஒரு பாட்டை யார் பாடினார் என்று கேட்டால் பத்துப் பேர் பதில் சொல்வார்கள். யார் இசையமைத்தார் என்று கேட்டால், ஒன்று பத்துப் பேரும் தங்களையே சொல்வார்கள், அல்லது ஒருவருமே வாயைத் திறக்கமாட்டார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து சம்பளம் வாங்குவதுதான் என் தொழில்.

அந்நியர் ஒருவரிடம் தொலைபேசியில் பேசுவதற்கு முன்னால், பேசப்போவதை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்து, "அவர் எடுக்காமல் இருந்தால் நல்லது" என்று வேண்டிக்கொள்கிறவர்கள் உங்களில் சிலராவது இருப்பீர்கள். உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன். நான் பல்கலைக்கழகத்தில் ஊடகத்துறை படித்தவள். அங்கே யாரிடமும் எதுவும் கேட்காமலேயே பட்டம் வாங்கிவிடலாம் என்பதைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். வேலைக்கு வந்த இடத்திலோ கேட்பதுதான் வேலையே.

சிங்கப்பூரில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், பூக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். நடத்துகிறவர் ஜமீலா அக்கா. உள்ளூர்க் கலைஞர்களின் பாட்டுகளைப் பாட்டுச் செயலிகளில் ஏற்றி, இசை யார், வரிகள் யார் என்று பெயர் சேர்த்து, ராயல்டிப் பணம் உரியவருக்குப் போகும்படி செய்வது எங்கள் பணி. ஒரே பாட்டுக்கு இரண்டு பேர் உரிமை கேட்டால் யார் சொல்வது உண்மை என்று விசாரிப்பதும் நாங்கள்தான். அதாவது நான்தான். அக்காவுக்கு முட்டிவலி, மாடிப்படி இறங்கமாட்டார்.

உறுமி மேளத்துக்காரர்கள்

நான் சேர்ந்த புதிதில் உறுமி மேளக் குழு ஒன்று வந்தது. தைப்பூசத்தில் காவடிக்கு முன்னால் அவர்கள் பாடிய பாட்டு மலேசியாவில் ஜோகூர் தாண்டியும் பரவிவிட்டது. வேறு குழுக்கள் எல்லாம் அதைச் சொந்தப் பாட்டு மாதிரி பாடிக்கொண்டிருந்தன. அதனால் தங்கள் பெயரில் ஏற்ற வேண்டும் என்றார்கள். யார் இசையமைத்தது என்று கேட்டேன். எல்லாரும் சேர்ந்து என்றார்கள், ஒரே குரலில். சாமி பாட்டுக்குத் தனியாள் பெயர் போட்டால் நன்றாயிருக்காது, குழுவின் பெயர் போதும் என்றும் சொன்னார்கள். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அன்று மாலையிலிருந்து ஒவ்வொருவராக அழைக்க ஆரம்பித்தார்கள். மெட்டு தன்னுடையது, தன்னடக்கத்தால் சொல்லவில்லை என்றார் ஒருவர். வரிகளைத் தான் பேருந்தில் போகும்போது எழுதியதாகச் சொன்னார் இன்னொருவர். மூன்றாமவர் மெட்டுக்கும் வரிக்கும் உரிமை கேட்கவில்லை. ஆனால் அந்தப் பாட்டை ஓடவைத்ததே தன்னுடைய மேள அடிதான் என்றார். கடைசியாக அழைத்த பையன்தான் நேர்மையானவன். அவன் சொன்னது: "எல்லார் பேரும் போடுங்க சிஸ்டர், எனக்கு ஓகே. பாலா பேர மட்டும் ஆகக் கடைசியில போடுங்க. அவன் பிராக்டிசுக்கே வரமாட்டான் லா."

தன் பாட்டைத் தானே திருடியவர்

குணா அண்ணன் வந்த நாளில் அலுவலகம் முழுக்க கிரீஸ் வாடை. அவர் அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். வாரக் கடைசியில் கல்யாணங்களில் கீபோர்டு வாசிப்பார். நாற்பதை நெருங்கும் வயது. கோபம் வந்தால் குரல் உயராது. மாறாக வார்த்தைகள் மெதுவாகிவிடும். நின்றபடியே பேசினார்.

சிங்கப்பூரில் தமிழ்க் கல்யாணத்துக்குப் போனவர்களுக்கு அந்தப் பாட்டு தெரியும். மண்டபத்துக் கதவு திறக்கும், விளக்கு மங்கும், ஒரு ஹம்மிங் மெதுவாக ஏறும், மணமகள் நடந்து வருவாள். அந்தப் பாட்டு தன்னுடையது என்றார். தேசிய சேவைக்குப் போன ராணுவ முகாமில் தன்னோடு ஒரே அறையில் கட்டில் போட்டிருந்த நண்பன் முரளியின் கல்யாணத்துக்கு, மோதிரம், கடிகாரம் என்று எதுவும் வாங்கித் தராமல், ஒரு பாட்டை உண்டாக்கி மேடையில் பாடிப் பரிசாகக் கொடுத்திருக்கிறார். கடைசிச் சரணத்தில் மணமகள் சுகன்யாவின் பெயர், முரளியின் பெயர், "தோழன் குணா தரும் சீர்" என்று தன் பெயர், மூன்றும் வரும். (முரளி, சுகன்யா என்பவை நான் மாற்றி வைத்த பெயர்கள், ஏன் என்பது போகப்போகத் தெரியும்.)

கல்யாணத்தைப் படம் பிடித்தவர் வீடியோ கடை சேகர். அவர் பிறகு அந்தப் பாட்டை எடுத்து, கடைசிச் சரணத்தை மட்டும் வெட்டிவிட்டு, தன் கடை எடுக்கும் எல்லாக் கல்யாண வீடியோவிலும் சேர்த்தார். பாட்டு ஊரெல்லாம் பரவியது. செயலிகளில் ஏற்றும்போது இசை, வரிகள் இரண்டுக்கும் தன் பெயரையே போட்டுக்கொண்டார். குணா அண்ணனுக்கு ஆரம்பத்தில் அதில் வருத்தமில்லை. தன் பாட்டு எங்கும் கேட்கிறதே என்று பெருமைகூட இருந்ததாம். எல்லாருக்கும் உண்மை தெரியும் என்று நினைத்திருக்கிறார். மனிதர்கள் வழக்கமாகச் செய்கிற தப்பு அது. இப்போது சென்னைப் படக் கம்பெனி ஒன்று அந்தப் பாட்டைச் சேகரிடம் கேட்டிருக்கிறது. அடுத்த வாரம் ஒப்பந்தம். கையெழுத்தாகிவிட்டால் பிறகு சண்டை பக்கத்துத் தெருக் கடையோடு இல்லை, கடல் தாண்டி வக்கீல்கள் வைத்திருக்கும் கம்பெனியோடு.

பதறிப்போய் அவர் அந்தப் பாட்டைத் தன் குரலில் மறுபடி பாடிச் செயலியில் ஏற்றியிருக்கிறார். அது ஏற்கெனவே சேகருக்குச் சொந்தமான பாட்டு, நகலெடுத்தது தவறு என்று அறிவிப்பு வந்துவிட்டது. ஆதாரம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். பழைய போன் போய்விட்டது, பழைய கீபோர்டை விற்றாகிவிட்டது. அந்த அறிவிப்பை என் மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "பாட்டும் என்னுது, திருடனும் நான்தானாம். கம்ப்யூட்டரே சொல்லிருச்சு."

சேகர் அண்ணன் தந்த சோயா பால்

திருடனைப் பார்க்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு ஃபேரர் பார்க்கில் அந்தக் கடையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். உள்ளே போகத் தைரியம் வரவில்லை. மூன்றாவது சுற்றில் அவரே கதவைத் திறந்து, வெயிலில் ஏன் நடக்கிறீர்கள், உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டு, குளிர்ந்த சோயா பால் பாக்கெட்டில் உறிஞ்சுகுழல் குத்திக் கையில் கொடுத்தார். ஒரு மனிதரின் சோயா பாலைக் குடித்துக்கொண்டே நீங்கள் திருடிவிட்டீர்கள் என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பதைப் பாடத்திட்டத்தில் சேர்த்திருக்கலாம்.

அவர் எதையும் மறுக்கவில்லை. குணா பாடினார், உண்மைதான். ஆனால் அன்றைக்கு மண்டபத்தில் இருந்தவர்கள் பாதிப்பேர் சாப்பாட்டு வரிசையில் நின்றார்கள். மைக்கில் இரைச்சல். அதைச் சுத்தம் செய்து, ஹம்மிங்கை முன்னால் கொண்டுவந்து, வருடக்கணக்காகக் கல்யாணம் கல்யாணமாகப் போட்டு, அந்தப் பாட்டைப் பாட்டாக்கியவர் தான்தான் என்றார். அதில் ஓரளவு உண்மை இருந்ததுதான் என்னைத் தொந்தரவு செய்தது. வெட்டாத முழுப் பதிவு இருக்கிறதா என்று கேட்டேன். பழைய ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போய்விட்டதாம். அந்த மாப்பிள்ளையும் பெண்ணும் வந்து சொல்லட்டும், வழிவிடுகிறேன் என்றார். அவர்கள் வரமாட்டார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்தவர் மாதிரி இருந்தது அந்தப் பேச்சு. கிளம்பும்போது வாசல்வரை வந்து சொன்னார்: "கல்யாணத்துல பாடுறது காத்தோட போயிரும், தங்கச்சி. நான் புடிச்சு வெக்கலன்னா குணாவுக்கே அந்தப் பாட்டு மறந்திருக்கும்."

கல்யாண வீட்டில் விசாரணை

அந்த வாரக் கடைசியில் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். கதவு திறந்தது, விளக்கு மங்கியது, அதே ஹம்மிங். எல்லாரும் எழுந்து நின்று மணமகளைப் படம் எடுத்தார்கள். நான் மட்டும் மணமகளைப் பார்க்காமல் ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசிச் சரணம் வர வேண்டிய இடத்தில் பாட்டு மறுபடி முதலுக்குத் தாவியது. அந்தத் தாவல் இதற்குமுன் என் காதில் பட்டதே இல்லை.

ஓர் அசட்டுத் துணிச்சலில் மேசையில் இருந்தவர்களிடம் இந்தப் பாட்டு யாருடையது என்று கேட்டுப் பார்த்தேன். பழைய படத்துப் பாட்டு என்றார் பெரியப்பா, படத்தின் பெயர்தான் ஞாபகமில்லையாம். மலேசியப் பாட்டு என்றான் அவர் மகன். பாட்டு போடும் பையனிடம் போய்க் கேட்டேன். கோப்பின் பெயர் 'பொண்ணு என்ட்ரி' என்றுதான் இருக்கிறது, வேறு எதுவும் தெரியாது என்றான். திரும்பி வந்தால் அத்தை என் தட்டில் பிரியாணியை வைத்துவிட்டுச் சொன்னார்: "யாரு போட்டா என்னடி, அது நம்ம பாட்டு. சாப்பாடு ஆறுது, உக்காரு."

மாப்பிள்ளை வரவில்லை

முரளியும் சுகன்யாவும் வந்து சொன்னால் போதும் என்று குணா அண்ணனிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. கல்யாணமான நான்காம் வருடமே அவர்கள் விவாகரத்து வாங்கிவிட்டார்களாம். சேகர் ஏன் அவ்வளவு தைரியமாகச் சவால் விட்டார் என்று அப்போதுதான் புரிந்தது. முரளி ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். குணா அண்ணன் வெகுநாளாகப் பேசாத நண்பருக்கு என் எதிரிலேயே செய்தி அனுப்பினார். பார்த்துவிட்டதற்கான அடையாளம் உடனே வந்தது. பதில் வர மறுநாள் ஆனது. நல்லா இருடா, உனக்கு என்ன வேண்டுமானாலும் செய்கிறேன், அந்தப் பாட்டுக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதே என்று எழுதியிருந்தார்.

இதை ஜமீலா அக்காவிடம் சொன்னேன், இத்தோடு விட்டுவிடலாம் என்று சொல்வார் என்ற நம்பிக்கையில். ஒப்பந்த நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. விவாகரத்தான பெண் ஒருத்தியை அழைத்து உங்கள் கல்யாணத்தைப் பற்றிப் பேசலாமா என்று கேட்பதைவிட நான் வேலையை விடத் தயாராக இருந்தேன். அக்கா முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்: "மாப்பிள்ள வரலன்னா என்ன, பொண்ண அழச்சிட்டு வா."

காத்தோங்கில் ஒரு மாலை

சுகன்யாவின் எண்ணைத் தேடிப் பிடிப்பது சுலபமாக இருந்தது. அழைப்பதுதான் முடியவில்லை. சொல்ல வேண்டியதைக் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் காப்புறுதி பாலிசி விற்பவளைப் போலவே இருந்தது. கடைசியில் அழைத்தேன். பெயரைச் சொன்னேன், அலுவலகத்தைச் சொன்னேன். பாட்டு என்ற சொல் வந்ததும் மறுமுனையில் துண்டித்துவிட்டார். எனக்குப் பாதி வெட்கம், பாதி நிம்மதி. மறுபடி கூப்பிட வேண்டாமே.

இரவுச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு செய்தி வந்தது. மறுநாள் வேலை முடிந்ததும் காத்தோங்குக்கு வரச் சொல்லியிருந்தார். அங்கே ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியை. விரலெல்லாம் நீலச் சாயம், பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்த அடையாளம். காப்பிக் கடையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். பால் சேர்க்காத தேநீர், இரண்டு தே ஓ, வந்தது. ஒத்திகை பார்த்த எதுவும் எனக்கு ஞாபகம் வரவில்லை. குணா அண்ணனின் பெயர் பாட்டில் இல்லை, சேகர் பெயர் இருக்கிறது, அடுத்த சில நாளில் அது நிரந்தரமாகிவிடும் என்று மட்டும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே கரண்டியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் பேசினார். சொந்தக்காரர் கல்யாணம் எதற்கும் அவர் நேரத்துக்குப் போவதில்லையாம். மணமகள் உள்ளே வந்து, பாட்டு முடிந்து, எல்லாரும் உட்கார்ந்த பிறகுதான் போவார். அதற்காகவே கார் நிறுத்துமிடத்தில் காத்திருப்பார். திமிர் பிடித்தவள் என்று பெயர் வாங்கியாகிவிட்டது. ஏன் தாமதம் என்று யாரிடமும் சொன்னதில்லை. அது தன் கல்யாணத்துக்கு உண்டான பாட்டு என்று தெரிந்தால், இனி அதைக் கேட்கும்போதெல்லாம் ஊரே தன்னைத் திரும்பிப் பார்க்கும். பாட்டின்மேல் கோபமில்லை, நல்ல பாட்டு, குணா பாடியபோது அழுதேன் என்றார். வருகிறேன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. எழுந்து பையை மாட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "சிங்கப்பூர்ல எந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆனாலும், அவ என் கல்யாணத்துலதான்மா நடந்து வர்றா."

நல்ல சரணம்

சுகன்யாவின் பெயர் எங்கேயும் வெளியே வரக்கூடாது என்று குணா அண்ணனிடம் சொல்லும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. அவரோ பாட்டை முழுதாக, பெயர்களோடு வெளியிட்டால்தான் தன்னுடையது என்று ஊருக்குப் புரியும் என்று பிடிவாதமாக நின்றார். அவருடைய வாதம் வேறு எங்கோ போனது. வெட்டிய சரணம்தான் பாட்டிலேயே நல்ல சரணமாம். மெட்டு அங்கேதான் திரும்புகிறது, அது இல்லாமல் பாட்டு வாலறுந்த பட்டமாம். இத்தனை நாளும் ஊர் கேட்டது அரைப் பாட்டு என்பதுதான், பெயர் இல்லாததைவிட அவரை அதிகமாக எரித்தது என்று எனக்குத் தோன்றியது. மேசையிலேயே விரலால் தாளம் போட்டுப் பாடிக் காட்டினார். உண்மையிலேயே நல்ல சரணம்தான். அதனால் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

அந்தப் பெண்ணுக்குப் பரிசாகக் கொடுத்த பாட்டு, இப்போது அவளையே குத்துகிறது என்று நான் முணுமுணுத்தேன். அவருக்குக் கேட்டதா தெரியவில்லை. ஜமீலா அக்காவுக்குக் கேட்டது. பெயர் வரும் இடங்களில் வேறு சொல் போட்டால் மெட்டு செத்துவிடுமா என்று குணா அண்ணனை நேராகக் கேட்டார். சாகாது என்று ஒப்புக்கொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அக்கா முடித்து வைத்தார்: "உன் பேர எடுத்ததுக்கு உனக்கு இவ்ளோ கோவம். அவ பேர அவளக் கேக்காம போடுறதும் அதே வேலதான்டா, குணா."

சேகர் அண்ணன் கடையில் ஒரு ஜோடி

ஒப்பந்தத்துக்கு முந்தைய நாள். சுகன்யாவிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. சேகர் கடைக்குப் போகும் நேரத்தை அவருக்குச் செய்தியாகத் தட்டிவிட்டு, கடைசி முயற்சியாக நானும் குணா அண்ணனும் அங்கே போனோம். போகிற நேரம் பார்த்து அங்கே இளம் ஜோடி ஒன்று உட்கார்ந்து கல்யாண வீடியோவுக்குப் பேசிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்: தான் நடந்துவரும்போது அந்தப் பாட்டு வேண்டும். சேகர் அண்ணன் பெருமையாக, அது நம்ம கடைப் பாட்டுதானே என்றார். குணா அண்ணனின் வார்த்தைகள் மெதுவாக ஆரம்பித்தன. அவர் ஒவ்வொரு சொல்லாக இறக்கிவைக்க, சேகர் அண்ணனின் குரல் ஏறிக்கொண்டே போனது. ஜோடி இருவரையும் மாறிமாறிப் பார்த்தது. நான் ஒரு பிளாஸ்டிக் மாலைக்குப் பக்கத்தில், என்னையும் ஒரு மாலை என்று நினைத்துக்கொள்ளட்டும் என்பதுபோல ஒட்டி நின்றேன்.

அப்போது கதவு திறந்து சுகன்யா உள்ளே வந்தார். சேகர் அண்ணன் அவரை ஒரு பகல் முழுக்க லென்ஸ் வழியாகப் பார்த்தவர். அடையாளம் கண்டுகொள்ள ஒரு நொடிகூட ஆகவில்லை. பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டார். பிறகு, யாரும் கேட்காமலேயே விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். விவாகரத்து விஷயம் காதில் விழுந்த பிறகுதான் அந்தச் சரணத்தை வெட்டினாராம். ஊர் முழுக்கப் பெயர் சொல்லிப் பாடினால் சுகன்யாவுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துத்தான் செய்தாராம். அவர் பொய் சொல்லவில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஜோடியில் இருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுகன்யா கதவருகிலேயே நின்றார். கையில் இப்போது மஞ்சள் சாயம். "என் பேர எடுத்ததுக்கு ரொம்ப நன்றிண்ணே," என்றார். "கூட குணா பேரையும் ஏன் எடுத்தீங்க?"

சேகர் அண்ணன் குணா அண்ணனைப் பார்த்தார், அந்த ஜோடியைப் பார்த்தார், பிறகு கணினிப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். தன் உரிமைக் கோரிக்கையைத் திரும்பப் பெறுவது எப்படி என்று என்னிடம் கேட்டார். எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டினேன், அழுத்தினார். சென்னைக் கம்பெனிக்கும் அங்கேயே, எங்கள் எதிரிலேயே எழுதினார். எல்லாம் முடிந்ததும் என்னவோ நினைவு வந்தவராக உள்ளறைக்குப் போய், உறை பிரிக்காத கனமான கல்யாண ஆல்பம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாங்கிப்போக யாரும் வரவேயில்லை, தூக்கிப்போடவும் மனம் வரவில்லை என்றார். சுகன்யா அதன்மேல் கைவைத்துப் பார்த்தார். திறக்கவில்லை. பிறகு மெதுவாகச் சேகர் அண்ணன் பக்கமே தள்ளிவிட்டார்: "இது முழுக்க நீங்க எடுத்தது. இதுல உங்க பேரு இருக்கட்டும்."

சென்னையிலிருந்து ஒரு சந்தேகம்

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். படக் கம்பெனியிலிருந்து ஒரு மேலாளர் அழைத்தார். பாடியவர் என்ற முறையில் குணா என்பவரிடமே ஒப்பந்தம் போடத் தயார், ஆனால் ஒரு சின்னத் திருத்தம். இசை என்ற இடத்தில் 'மரபுப் பாடல்' என்று போட்டுக்கொள்ளலாமா? அப்படிப் போட்டால் இசைக்கென்று யாருக்கும் பணம் தர வேண்டாம், எல்லாருக்கும் சுலபம் என்றார். ஜமீலா அக்கா பக்கத்தில் இல்லை. போனைக் கொடுத்துவிட்டு ஓட யாரும் இல்லை. அந்த மேலாளருக்குப் பெரியம்மா ஒருவர் இருக்கிறாராம். அந்தப் பெரியம்மா கல்யாணத்திலேயே இந்தப் பாட்டைப் பாடியதாக வீட்டில் சொல்கிறார்களாம்.

நான் எதையும் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. "இல்லீங்க சார், பாடியிருக்க முடியாது. இசையமைத்தவர் இப்போதான் லிஃப்ட் ரிப்பேர் பண்ணிட்டு சாப்பிட உக்காந்திருப்பார், நம்பர் தரட்டுமா?" என்றேன். போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். பிறகு அவர் சொன்னார்: "உயிரோட இருக்காரா? அப்ப பேரப் போட்டுத்தான ஆகணும்."

போட்டார்கள். படத்தின் கடைசியில், எல்லாரும் எழுந்து வாசலைப் பார்த்து நடக்கிற நேரத்தில், சமையல் உதவியாளர்களுக்கும் வாகன ஓட்டுநர்களுக்கும் நடுவில் அந்தப் பெயர் ஓடுகிறது. செயலியில் பார்க்க வேண்டுமானால் பாட்டைத் திறந்து, மூன்று புள்ளிகளை அழுத்தி, இன்னும் கீழே போக வேண்டும். குணா அண்ணன் தினமும் போய்ப் பார்க்கிறாராம், எடுத்துவிட்டார்களோ என்று. நானும்தான் பார்க்கிறேன். சரணம் மெட்டு மாறாமல், பெயர்கள் மாறி, முழுப் பாட்டாக இப்போது ஓடுகிறது. சுகன்யா கல்யாணங்களுக்கு இன்னமும் தாமதமாகத்தான் போகிறார் என்று நினைக்கிறேன். அவரிடம் கேட்கவில்லை, அந்த ஒரு கேள்வியைக் கேட்கும் வேலை எனக்கு இல்லை.

ஊரே பாடும் பாட்டுக்குக் கீழே ஒரே ஒரு பெயரைச் சேர்ப்பதற்காக, பேசவே பயப்படுகிற ஒருத்தி ஊரையெல்லாம் போனில் கூப்பிட வேண்டியிருக்கிறது. அதுவும் ஒவ்வொரு முறையும், அவர்கள் எடுக்காமல் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு.